நடுவில் ஒரு நாற்காலி: என்டர்பிரைஸ் கட்டளை அறையும் அதன் ரசிகர்களும்



காட்சிக் கலைகளுக்கென அமைந்த இந்தச் சொற்பொழிவு வரிசையில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் செட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று எழுதியபோது, அமைப்பாளர்கள் உடனே இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. கோபுரமும் ஓவியமும் சிற்பமும் பேசப்பட்ட மேடையில் ஒட்டுப்பலகைச் செட்டுக்கும் இடம் உண்டு என்று அவர்கள் நினைத்தது எனக்கு மகிழ்ச்சி.

நான் பேசப்போகும் அறை முதன்முதலில் 1964-ஆம் ஆண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவில் டெசிலு ஸ்டுடியோவுக்காகக் கட்டப்பட்டது. ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கலத்தின் கட்டளை அறை அது. ரசிகர்கள் பிரிட்ஜ் என்பார்கள். தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. மூன்று சீசன்கள், 79 அத்தியாயங்கள் ஓடி 1969-இல் நின்றுபோனது. அந்த அறையைப் புதிதாக வடிவமைக்கலாமா, எவ்வளவு மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்ற வாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை. 1979-இல் நடந்தது, 2009-இல் நடந்தது, 2018-இல் மறுபடி மூண்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பழைய நினைவில் ஊறியவர்களின் பிடிவாதமாகத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. ஓர் அறை அதில் இருக்கும் மனிதர்களை எப்படி ஒருவரோடொருவர் பிணைக்கிறது என்பதுதான் இந்த வாதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி. ரசிகர்கள் அதை எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை. பொத்தானின் நிறத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அவர்களை உறுத்தியது எது என்று தோண்டிப் பார்த்தால் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

முதலில் அறையைக் கட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட் ஜெஃப்ரீஸ் என்ற கலை இயக்குநர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர், தாமே விமானம் ஓட்டியவர், விமானப் படங்களை வரைவதில் தேர்ந்தவர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவரிடம் எது வேண்டும் என்று சொன்னதைவிட எது வேண்டாம் என்று சொன்னதே அதிகம். வாலில் நெருப்புக் கக்கும் ராக்கெட் வேண்டாம், இறக்கை வேண்டாம். ஜெஃப்ரீஸ் விமானக்காரர் என்பதால் கேள்விகளை விமானக்காரராகவே கேட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய ஆற்றலைத் தரும் என்ஜின் ஆபத்தானது, ஆகவே அது மனிதர்கள் வாழும் பகுதியிலிருந்து விலகி இருக்கட்டும். பழுது பார்க்க வேண்டியவை உள்ளேயே இருக்கட்டும், வெளிப்புறம் வழுவழுப்பாக இருக்கட்டும். கலத்தின் எண்ணான 1701-ஐத் தேர்ந்தபோதுகூட, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று குழம்பும் 3, 6, 8 போன்ற இலக்கங்களைத் தவிர்த்தார்.

கட்டளை அறையிலும் அதே மனம்தான் வேலை செய்திருக்கிறது. வட்டமான அறை. சுற்றுச்சுவரை ஒட்டி ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை. உள்வட்டம் ஒரு படி தாழ்ந்தது, அதன் நடுவில் கேப்டனின் சுழல் நாற்காலி. அவருக்கு முன்னால் கலத்தைச் செலுத்தும் இருவருக்கு ஒரே மேசை. அதற்கும் முன்னால் பெரிய திரை. கேப்டன் நாற்காலியைத் திருப்பினால் போதும், எந்த மேசையையும் பார்க்கலாம், எவரிடமும் குரலை உயர்த்தாமல் பேசலாம். எழுந்தால் சில அடிகளில் அந்த மேசையருகே நிற்கலாம்.

படப்பிடிப்புக்கும் இந்த அமைப்பு பொருந்தியது. வட்டம் துண்டு துண்டாகக் கட்டப்பட்டதால் வேண்டிய துண்டைக் கழற்றி, காமிராவை அந்த இடத்தில் வைக்கலாம். லிஃப்டின் கதவைச் சரியாகப் பின்மையத்தில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நேர்பின்னால் வைத்தால் கேப்டனின் தலை கதவை மறைத்துவிடும். தள்ளி வைத்ததால், முன்னாலிருந்து எடுக்கும் ஷாட்டில் யாராவது உள்ளே நுழைந்தால் கேப்டனின் தோளுக்கு அப்பால் தெரிகிறது. வசதிக்காகச் செய்த இந்தத் தள்ளல் பின்னால் பெரிய விவாதத்தைக் கிளப்பப்போகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதிரி அத்தியாயமான 'தி கேஜ்' படத்தில் இதே அறை சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தொடருக்கு வரும்போது கைப்பிடிக் கம்பிகளும் கதவுகளும் சிவப்பாகிவிட்டன, மேசைகளில் வண்ணக் கற்கள் போன்ற பொத்தான்கள் மின்னுகின்றன. அன்றைய என்பிசி வண்ண ஒளிபரப்பைத் தன் அடையாளமாகவே வைத்திருந்தது. அதன் தாய் நிறுவனமான ஆர்சிஏ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்றுவந்தது. ஆக, இன்று ரசிகர்கள் 'மூலம்' என்று போற்றும் அந்த வண்ண அறையே ஒரு மறுவடிவமைப்புதான். ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை மாற்றப்பட்ட அறை அது. இதை மறந்துவிட்டு மூலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இந்த அறை என்ன செய்யும் என்பதைக் காட்ட எனக்கு ஒரே ஓர் அத்தியாயம் போதும். 1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ரோமுலன் எதிரிக் கலத்தை என்டர்பிரைஸ் துரத்துகிறது. நீர்மூழ்கிக் கப்பல் படங்களின் வழியில் வந்த கதை. இரு தரப்பும் நூறு ஆண்டுகளுக்கு முன் போரிட்டிருந்தாலும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. ஒரு கட்டத்தில் எதிரிக் கலத்தின் உட்புறம் திரையில் தெரிகிறது. எதிரித் தலைவனின் முகம் வருகிறது. கூரிய காதுகள், வளைந்த புருவம். அதாவது அச்சு அசலாக, என்டர்பிரைஸின் வேற்றுலக அதிகாரி ஸ்பாக்கின் இனச் சாயல். அறையில் இருப்பவர்களின் பார்வை திரையிலிருந்து விலகி ஸ்பாக்கின் மேல் விழுகிறது. அவர் தம் மேசையில் நிற்கிறார். ஒளிந்துகொள்ள அவருக்கு இடமில்லை. முன்மேசையில் இருக்கும் ஸ்டைல்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் குடும்பத்தார் அந்தப் பழைய போரில் மாண்டதை நெஞ்சில் சுமப்பவன், வெறுப்போடு திரும்பிப் பார்க்கிறான். கேப்டன் கிர்க் இருவருக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறார். அவர் நாற்காலி இருக்கும் இடமே அவருடைய பொறுப்பைச் சொல்லிவிடுகிறது. அந்த வெறுப்பை அவர் அங்கேயே, எல்லார் காதும் கேட்கக் கண்டிக்கிறார். அது தனியறையில் நடந்திருந்தால் ஒரு மேலதிகாரியின் அறிவுரை. இந்த வட்டத்துக்குள் நடப்பதால் அது எல்லாருக்குமான நெறியாகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நிறவேற்றுமைக்கு எதிரான போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த ஆண்டு 1966. அந்த வட்டத்தில் தகவல்தொடர்பு மேசையில் உஹூராவாக நிச்செல் நிக்கல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அமர்ந்திருந்தார். முன்மேசையில் ஜார்ஜ் டக்கே என்ற ஜப்பானிய அமெரிக்கர். அடுத்த ஆண்டு, பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போது, செக்கோவ் என்ற ரஷ்யப் பாத்திரம் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வசனம் அதிகம் இல்லாத வாரங்களிலும் இவர்கள் காட்சியில் இருந்தார்கள். காமிரா கேப்டனை எடுத்தால் அவருக்குப் பின்னால் உஹூரா தெரிந்தார். அறை வட்டமாக இருந்ததால் நேர்ந்தது இது. நீளமான அறையாக இருந்திருந்தால் அவரை மூலையில் தள்ளிவிட்டிருக்க முடியும்.

ரசிகர்கள் இந்த அறையை மனப்பாடம் செய்தார்கள். அதற்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டாம் சீசனோடு தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு வந்தபோது கடிதங்களை எழுதிக் குவித்து மூன்றாம் சீசனை வாங்கியவர்கள் அவர்கள். 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு என்டர்பிரைஸ் என்று பெயர் வைக்க வைத்ததும் அவர்கள் எழுதிய கடிதங்கள்தான். தொடர் நின்றபின் மறுஒளிபரப்பில் அதே அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வீடியோ நாடா வீட்டுக்கு வராத காலம். கண்ணும் குறிப்பேடும்தான் கருவி.

1975-இல் ஃபிரான்ஸ் ஜோசப் என்ற பொறியியல் வரைவாளர் என்டர்பிரைஸின் முழு வரைபடத் தொகுப்பையும் ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டார். இரண்டும் அமோகமாக விற்றன. அவர் ஒரு சிக்கலைக் கண்டார். கலத்தின் வெளி மாதிரியில் கட்டளை அறையின் கூரைக்குப் பின்னால் ஒரு சிறு உருளை நேர்மையத்தில் இருக்கிறது. அதுதான் லிஃப்ட் வரும் குழாய் என்று கொண்டால், உள்ளே செட்டில் லிஃப்ட் கதவு மையத்தில் இல்லையே! இரண்டும் பொருந்த வேண்டுமானால் கட்டளை அறை முழுவதையும் 36 பாகை இடப்பக்கம் திருப்ப வேண்டும். அவர் அப்படியே திருப்பி வரைந்துவிட்டார். அப்படியானால் கேப்டன் கலம் போகும் திசையைப் பார்த்து உட்காரவில்லை, பக்கவாட்டில் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்றாகிறது. ஏற்க முடியாது என்று ஒரு கூட்டம். ஈர்ப்புவிசையையே செயற்கையாக உண்டாக்கும் கலத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன என்று இன்னொரு கூட்டம். உருளை லிஃப்டே இல்லை, வேறு கருவி என்று மூன்றாவது கூட்டம். ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது இந்த வழக்கு.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். எனக்கு இதில் பெரிய மரியாதை இருக்கிறது. ஒரு காமிராக் கோணத்துக்காகக் கதவைத் தள்ளி வைத்தார்கள். அந்தத் தள்ளலை ரசிகர்கள் உண்மையான கட்டடத்தில் நிகழ்ந்ததாகவே எடுத்துக்கொண்டு அதற்குக் காரணம் தேடுகிறார்கள். கற்பனையை இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொள்ளும் வாசகர்கள் எந்தக் கலைக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அப்படிப்பட்டவர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையில்லை. 1979-இல் ராபர்ட் வைஸ் இயக்கிய முதல் திரைப்படம் வந்தது. கலம் வெளியிலும் உள்ளிலும் அடியோடு மாறியிருந்தது. பதினெட்டு மாதம் புதுப்பிப்பு வேலை நடந்ததாகக் கதையிலேயே காரணம் சொன்னார்கள். சிவப்பெல்லாம் போய்ச் சாம்பலும் வெள்ளையும் வந்தன. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் புதிய கலத்தை இன்று பல ரசிகர்கள் எல்லா வடிவங்களிலும் அழகானது என்கிறார்கள். 1987-இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் இன்னும் பெரிய மாற்றம். தரையில் கம்பளம், வளைந்த மரக் கைப்பிடி, தொடுபலகைகள். ஓட்டல் முகப்பறை போல் இருக்கிறது என்று குறை சொன்னார்கள். சில ஆண்டுகளில் அதுவும் அவர்கள் வீடாகிவிட்டது. காரணம் எளிது. கேப்டன் பிக்கார்ட் நடுவில் இருந்தார், அவருக்கு இருபுறமும் இருவர் அமர்ந்தார்கள், யார் என்ன செய்கிறார் என்பது பார்த்தவுடன் புரிந்தது. ஆலோசனை கேட்டு முடிவெடுக்கும் தலைவருக்குப் பொருத்தமான அறை. கிர்க்கின் அறையில் ஒரு நாற்காலி, பிக்கார்டின் அறையில் மூன்று. இரண்டு தலைவர்களின் குணத்தையும் அவர்கள் அறைகள் சொல்லிவிடுகின்றன.

2009-இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய படம் வந்தபோதுதான் கசப்பு உண்மையில் கூடியது. வெண்மை பளபளக்கும் அறை, கண்ணாடிப் பலகைகள், காமிராவின் வில்லையை நோக்கித் திருப்பிய விளக்குகள். ஆப்பிள் கடை என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். காலப்பாதை வேறாகப் பிரிந்துவிட்டது என்று கதையில் காரணம் இருந்தது, ஆகவே பழைய அறையோடு பொருந்தவில்லை என்ற புகாருக்கு இடமில்லை. ஆனாலும் மனம் ஒட்டவில்லை. அந்தப் படம் வேகமானது, நடிகர்கள் நல்லவர்கள், கூட்டமும் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. அறை மட்டும் தோற்றது என்பேன். கண்ணாடிகளுக்கும் ஒளிக்கீற்றுகளுக்கும் நடுவில் யார் யாரைப் பார்க்கிறார் என்பது தெரியவில்லை. ஒளிச்சிதறல் அளவுமீறிப்போனதை ஏப்ரம்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அதே படத்தின் என்ஜின் அறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸில் உள்ள பட்வைசர் பியர் ஆலையில் எடுத்தார்கள். உண்மையான எஃகுக் கலன்கள், உண்மையான குழாய்கள், உண்மையான பிரம்மாண்டம். 1966-இன் என்ஜின் அறையிலோ இடமும் இல்லை, பணமும் இல்லை. கம்பி வலைக்குப் பின்னால் போகப்போகச் சிறுத்துக்கொண்டே செல்லும் குழாய் அமைப்பைக் கட்டி, தூரம் இருப்பதுபோல் கண்ணை நம்பவைத்தார்கள். ரசிகர்கள் எதை நம்பினார்கள்? சின்னச் செட்டைத்தான். ஆலையின் குழாய்கள் எதற்காக அங்கே இருக்கின்றன என்று பார்ப்பவருக்குப் புரியவில்லை. சின்னச் செட்டிலோ கலத்தின் தலைமைப் பொறியாளர் ஸ்காட் எந்தப் பலகையருகே நின்றால் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பது இரண்டு மூன்று அத்தியாயத்தில் பழகிவிடும். அளவில் பெரியது என்பதால் ஓர் இடம் மெய்யாகிவிடாது. அங்கே ஒருவர் வேலை செய்வது தெரிய வேண்டும்.

2017-இல் 'டிஸ்கவரி' தொடர் தொடங்கியது. கிர்க்கின் காலத்துக்குப் பத்தாண்டுகள் முன்னால் நடக்கும் கதை, ஆனால் கருவிகள் எல்லாம் கிர்க்கின் காலத்தைவிட நவீனமாக இருந்தன. காற்றில் நிற்கும் முப்பரிமாண உருவங்களோடு பேசினார்கள். முதல் சீசனின் கடைசிக் காட்சியில், 2018 பிப்ரவரியில், என்டர்பிரைஸ் வந்து நின்றது, மாற்றிய வடிவத்தில். இம்முறை தப்பிக்க வழியில்லை. வேறு காலப்பாதை என்று சொல்ல முடியாது, புதுப்பிப்பு வேலை என்றும் சொல்ல முடியாது. அதே கலம், அதே வரலாறு. வாதம் உச்சத்துக்குப் போனது. இரண்டாம் சீசனில், கிர்க்குக்கு முந்தைய கேப்டனான பைக், முப்பரிமாணத் தொடர்புக் கருவி தொல்லை தருகிறது என்று என்டர்பிரைஸிலிருந்து அதை அகற்றச் சொல்கிறார். ரசிகர்கள் எழுப்பிய கேள்விக்குக் கதை எழுதுகிறவர்கள் சொன்ன பதில் அது. காதில் வாங்கியிருக்கிறார்கள் என்பதே பெரிது.

இங்கே தயாரிப்பாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய அறை ஏறக்குறைய சதுரமான திரைக்காகக் கட்டப்பட்டது. சதுரத் திரையில் ஆட்களை ஆழத்தில் அடுக்கலாம்: முன்னால் கேப்டன், தோளுக்கு அப்பால் ஸ்பாக், அதற்கும் பின்னால் கதவு. அகலத்திரை பக்கவாட்டில் ஆள் கேட்கும். அப்படியே பழைய அறையை வைத்தால் ஓரங்கள் வெறுமையாகும். அன்றைய மங்கலான தொலைக்காட்சியில் மறைந்த ஒட்டுப்பலகை விளிம்பு இன்றைய துல்லியத்தில் பல்லிளிக்கும். இந்த வாதத்தைப் பல ரசிகர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இதற்கு மறுப்பும் உண்டு. 2005-இல் 'என்டர்பிரைஸ்' தொடரின் 'இன் எ மிரர், டார்க்லி' அத்தியாயங்களுக்காகப் பழைய பாணிக் கட்டளை அறையை அகலத்திரையில் திரும்பக் கட்டினார்கள். நன்றாக ஒளியமைத்தார்கள். கம்பீரமாக இருந்தது. ஆகவே பழைய அறை இன்றைக்கு எடுபடாது என்ற தீர்ப்பு அவசரமானது. எடுபடும், அதற்கேற்ற ஒளியும் காமிராவும் வேண்டும்.

2022-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் அறை டொராண்டோ பகுதியில் கட்டப்பட்டது. வட்டமும் நடுநாற்காலியும் முன்மேசையும் திரும்பி வந்தன. அறை பெரிது, முன்திரையே சன்னலாகவும் இருக்கிறது. முதல் சீசனின் கடைசி அத்தியாயமான 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி', நான் முன்பு சொன்ன 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' கதையைப் புதிய அறையில் மறுபடி நடத்துகிறது. கிர்க்கின் இடத்தில் பைக் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. ஒரே கதை, இரண்டு அறைகள்: ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. புதிய அறையைக் கட்டியவர்கள் பழையதைப் படித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மேசையிலும் தெரிகிறது. 2009-ஐவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஸ்பாக்கின் மேல் சந்தேகம் விழும் இடத்தில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. ஆட்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம். பழைய அறையில் வெறுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புதிய அறையில் அது ஒரு கூடத்தைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.

இனி, மாற்றுவதன் எதிர்ப்பக்கம்: பாதுகாப்பது. தொடரில் படமாக்கப்பட்ட 11 அடிக்கு மேல் நீளமுள்ள கலத்தின் மாதிரி 1974-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. மாதிரியின் வலப்பக்கம் மட்டுமே முழுமையாக முடிக்கப்பட்டது. விளக்குகளுக்கான கம்பிகள் இடப்பக்கம் வழியே வெளியே வந்ததால் அந்தப் பக்கத்தைப் படமெடுக்கவில்லை. 1991-இல் நடந்த சீரமைப்பில் கலத்தின் மேல் கோடுகளும் அழுக்குச் சாயலும் அழுத்தமாகத் தீட்டப்பட்டன. திரையில் நாங்கள் பார்த்த கலம் இதில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நல்லவேளையாக, கலத்தின் தட்டு வடிவ முன்பகுதியின் மேற்புறத்தில் இருந்த அறுபதுகளின் வண்ணத்தை அந்தச் சீரமைப்பாளர் தொடாமல் விட்டிருந்தார். பின்னால் அதுவே மூல நிறத்துக்குச் சாட்சியானது.

2016-இல் நிறைவடைந்த அடுத்த வேலையைத் திருப்பணி என்றே சொல்வேன். 1976-க்கு முன் எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று அருங்காட்சியகம் பொதுமக்களிடம் கேட்டது. ரசிகர்கள் பெட்டிகளைத் திறந்து தேடினார்கள். 1967 ஆகஸ்ட்டில் 'த ட்ரபுள் வித் ட்ரிபிள்ஸ்' எடுக்கப்பட்டபோது கலம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்புவது என்று நாளைக் குறித்துக்கொண்டு வேலை செய்தார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'மூலம்' என்று பொதுவாகச் சொன்னால் எல்லையில்லாத சண்டை. எந்த மாதத்து மூலம் என்று வரையறுத்தபின் அது ஆய்வு. 2016-இல் அந்த மாதிரி அருங்காட்சியகத்தின் முதன்மைக் கூடத்தில் வைக்கப்பட்டது.

கட்டளை அறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செட்டுகள் கலைக்கப்படுவதற்காகவே கட்டப்படுகின்றன. கேப்டனின் நாற்காலி பிழைத்து 2002-இல் 3,04,750 டாலருக்கு ஏலம் போனது. 1992-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'ரெலிக்ஸ்' என்ற அத்தியாயத்தில் முதிய ஸ்காட் தம் பழைய கட்டளை அறையை, எந்த இடத்தையும் உருவாக்கிக் காட்டும் மாய அறைக்குள் வரவழைத்துத் தனியே நிற்கிறார். அந்தக் காட்சிக்காக அறையின் ஒரு துண்டை மட்டுமே கட்ட முடிந்தது. மீதியைப் பழைய அத்தியாயத்தில் கிடைத்த வெற்று அறையின் படத்தைக் கொண்டு நிரப்பினார்கள். நாற்காலியும் முன்மேசையும் ஒரு ரசிகர் செய்து வைத்திருந்தவை. இதைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். பெரிய ஸ்டுடியோ தன் சொந்த அறையைத் திரும்பக் கட்ட ஒரு ரசிகரிடம் இரவல் கேட்க வேண்டியிருந்தது.

நியூயார்க் மாநிலத்தின் டைகாண்டரோகா என்ற சிற்றூரில் ஜேம்ஸ் காலி என்பவர் ரசிகர் படங்களுக்காக மூலச் செட்டுகளை முழுதாகத் திரும்பக் கட்டினார். தொடரின் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ் வழியாகக் கிடைத்த செட் வரைபடங்கள் அதற்கு உதவின. 2016-இலிருந்து அது உரிமம் பெற்ற காட்சியிடம். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரே அங்கே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 2023-இல் 'பிக்கார்ட்' தொடரின் முடிவுக்காக, 1994-இல் கலைக்கப்பட்ட 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அறையைத் தயாரிப்பு வடிவமைப்பாளர் டேவ் பிளாஸ் குழு மறுபடி எழுப்பியது. கம்பளத்தைப் பொருத்தமாகத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. பழைய நடிகர்கள் உள்ளே நுழைந்து தத்தம் இருக்கைக்குத் தாமாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு, ஓர் அறை உடலில் எப்படித் தங்கியிருக்கிறது என்பது விளங்கியிருக்கும்.

ரசிகர்களிடம் எனக்கு உள்ள ஒரே வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். வாதம் சில நேரம் வடிவமைப்பாளர்களின் மேல் வசையாகத் திரும்புகிறது. ஒரு செட்டைப் பிடிக்கவில்லை என்றால் அந்தச் செட் எங்கே தவறுகிறது என்று காட்டுங்கள். அதைக் கட்டியவரும் ஜெஃப்ரீஸை நேசித்துத்தான் அந்தத் தொழிலுக்கு வந்திருப்பார். வைதவர்களின் குரல் உரத்திருப்பதால் அளந்து பேசுகிறவர்களின் குரல் கேட்காமல் போகிறது. 36 பாகை வழக்கை நடத்தியவர்கள் வரைபடத்தோடு வந்தார்கள். அந்த மரபுதான் வளர வேண்டும்.

ஸ்டுடியோக்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. செட்டைக் கலையுங்கள், வேறு வழியில்லை. ஆனால் கலைப்பதற்கு முன் அளவெடுங்கள், நிறத்தின் மாதிரியைப் பத்திரப்படுத்துங்கள், வரைபடங்களை ஒரு பொது நூலகத்தில் சேருங்கள். 2006-இல் பழைய அத்தியாயங்களின் விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தபோது, பின்னர் வந்த புளூரே வட்டுகளில் பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுத்தார்கள். விரும்பியதைப் பார்த்துக்கொள்ளலாம். பழையதை அழிக்காமல் புதியதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தந்து விடைபெறுகிறேன். 'பேலன்ஸ் ஆஃப் டெரர்', 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி' இரண்டையும் முதலில் ஒலியோடு பாருங்கள். பிறகு கட்டளை அறைக் காட்சிகளை மட்டும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் எங்கே அமர்ந்திருக்கிறார், யார் யாரைப் பார்க்கிறார் என்று ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறியுங்கள். எந்தத் தாள் தெளிவாக வருகிறதோ அந்த அறையே நன்றாகக் கட்டப்பட்டது. என் தாள் 1966-க்குச் சாதகமாக வந்தது. உங்களுடையது வேறாக வந்தால் அதைக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.